பதினைந்து நிமிடமும் இரண்டு சுவர்களும்

மிலான் நகரத்தில் சாந்தா மரியா தெல்லே கிராசியே என்றொரு டொமினிக்கன் மடம் இருக்கிறது. அந்த மடத்துத் துறவிகள் ஒருகாலத்தில் சாப்பிட்ட நீளமான கூடத்தின் வடக்குச் சுவரில்தான் லியோனார்டோ டா வின்சி ‘கடைசி இராவுணவு’ சித்திரத்தை வரைந்தார். அதே கூடத்தின் தெற்குச் சுவரிலும் ஒரு பெரிய சித்திரம் உண்டு. இயேசு சிலுவையில் தொங்கும் காட்சி. வரைந்தவர் ஜொவான்னி தொனாத்தோ தா மொந்தோர்ஃபானோ. அவர் தன் சித்திரத்தில் 1495 என்று ஆண்டைக் குறித்திருக்கிறார். லியோனார்டோவும் ஏறத்தாழ அந்த ஆண்டில்தான் எதிர்ச்சுவரில் வேலையைத் தொடங்கினார். முடிக்க 1498 ஆகிவிட்டது. வடக்குச் சுவரைப் பார்க்க உலகமே வருகிறது. தெற்குச் சுவரின் முன்னால் நின்று பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் லியோனார்டோவின் சுவரில் என்ன நடந்தது என்பது, மொந்தோர்ஃபானோவின் சுவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

உள்ளே போவதற்கே நிறைய முன்யோசனை வேண்டும். டிக்கெட்டுகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக வெளியிடுகிறார்கள், சீக்கிரமே தீர்ந்துபோகின்றன. டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு சிறு குழுவாகக் கூட்டிப்போகிறார்கள். வழியில் கண்ணாடிக் கதவுகள் கொண்ட அறைகள். பின்னால் இருக்கும் கதவு முழுதாக மூடிய பிறகே முன்னால் இருக்கும் கதவு திறக்கும். நம் உடம்போடும் துணியோடும் வருகிற தூசி, ஈரம், தெருப்புகை எல்லாம் சித்திரத்தைச் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு. கடைசிக் கதவு திறந்ததும் கணக்கு தொடங்குகிறது. பதினைந்து நிமிடம். பிறகு அடுத்த குழு.

நான் அக்காவோடு போயிருந்தேன். அக்கா பள்ளியில் ஓவிய ஆசிரியை. கதவு திறந்ததும் எல்லோரும் வலது பக்கம் திரும்பிச் சித்திரத்தின் அடியில் போய் நெருங்கி நின்றார்கள். அக்கா என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள். “கிட்டப் போகாத. முதல்ல கடைசிக்குப் போயி நின்னு மொத்தமாப் பாரு” என்றாள். கூடத்தின் மறுகோடிக்குப் போய், மொந்தோர்ஃபானோவின் சுவருக்கு முதுகு காட்டி நின்றோம்.

அங்கிருந்து பார்த்தால் சித்திரம் கூடத்தின் தொடர்ச்சியாகவே தெரிகிறது. வரைந்த அறையின் உத்தரச் சட்டங்களும், பக்கச் சுவர்களில் தொங்கும் திரைச்சீலைகளின் விளிம்புகளும் ஒரே புள்ளியை நோக்கிக் குவிகின்றன. அந்தப் புள்ளி இயேசுவின் வலது நெற்றிப்பொட்டு. அந்த இடத்தில் சுவரில் ஒரு ஆணித் துளை இருப்பதைச் சீரமைப்பின்போது கண்டிருக்கிறார்கள். ஆணி அடித்து, நூல் கட்டி, கோடுகளை இழுத்திருக்கிறார் லியோனார்டோ. வெளிச்சமும் அப்படித்தான். கூடத்தின் நிஜமான ஜன்னல்கள் இடது பக்கம் இருக்கின்றன. சித்திரத்துக்குள்ளும் ஒளி இடமிருந்து வந்து வலப்புறச் சுவரில் விழுகிறது. துறவிகள் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், சற்று உயரத்தில் இன்னொரு மேசை. அதில் பதின்மூன்று பேர்.

அளவு 4.6 மீட்டர் உயரம், 8.8 மீட்டர் அகலம். ஆட்கள் நிஜ மனிதர்களைவிடப் பெரியவர்கள். நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே சட்டமிட்டு மாட்டியிருக்கும் படத்தில் இதெல்லாம் தெரியாது. அந்தப் படங்களில் சிவப்பும் நீலமும் பளிச்சென்று இருக்கும். சுவரில் இருப்பது வெளிறியது. பல இடங்களில் உருவத்தின் ஓரம் எங்கே முடிகிறது, வெறும் சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே ஒரு சலசலப்பு தெரிகிறது. “உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்” என்று இயேசு சொல்லி முடித்த நொடி அது. சொன்னவர் நடுவில் அசையாமல் இருக்கிறார். சொல் இரண்டு பக்கமும் பரவி மேசையின் இரு கோடிகள் வரை போய், ஆட்களை மும்மூன்று பேராகக் கலைத்துப் போட்டிருக்கிறது.

அதற்கு முன் இத்தாலியில் இந்தக் காட்சியை வரைந்தவர்கள் பெரும்பாலும் யூதாஸை மேசையின் இந்தப் பக்கம் தனியாக உட்காரவைத்தார்கள். ஃபிளாரன்ஸில் காஸ்தாஞோ வரைந்ததிலும் கிர்லாந்தாயோ வரைந்ததிலும் அப்படித்தான். யார் துரோகி என்று தேட வேண்டியதில்லை. லியோனார்டோ யூதாஸை மற்றவர்களோடு வரிசையில் சேர்த்துவிட்டார், பேதுருவும் யோவானும் இருக்கும் மூவர் குழுவிலேயே. யாருடைய தலையைச் சுற்றியும் ஒளிவட்டம் கிடையாது. இயேசுவுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலின் வானம் மட்டும் அந்த வேலையைச் செய்கிறது. பேதுரு யோவானின் காதருகே சாய்கிறார், சாயும்போது யூதாஸை முன்னால் தள்ளுகிறார். யூதாஸின் வலது கை பணப்பையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இடது கை ஒரு தட்டை நோக்கி நீள்கிறது. இயேசுவின் வலது கையும் அதே பக்கமாக நீள்கிறது. இரண்டு கைகளும் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை.

ஐந்து நிமிடம் போலக் கழிந்ததும் அக்கா, “சரி, இப்போ கிட்டப் போ” என்றாள்.

கிட்டப் போனபோது நான் முதலில் தேடியது தோமாவை. இயேசுவின் இடது தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, ஒரு விரலை மேலே உயர்த்திக்கொண்டு நிற்கிறார். காயத்தில் விரலை இட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று பின்னால் சொல்லப்போகிற விரல் அது. “நம்ம தோமையார்” என்றாள் அக்கா மெதுவாக. பரங்கிமலையும் சாந்தோமும் அவர் பெயரோடு சேர்ந்துவிட்ட ஊரிலிருந்து போனவர்களுக்கு அந்த விரல்மேல் ஒரு தனி உரிமை தோன்றத்தான் செய்கிறது. மயிலாப்பூரில் அவரை அடக்கம் செய்தார்கள் என்ற மரபைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது பிலிப்புவை. எழுந்து நின்று, இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக் குனிகிறார். ‘நானா ஆண்டவரே’ என்று கேட்கிற முகம். கோபமும் இல்லை, பயமும் இல்லை. தன்மேல் சந்தேகம் விழுந்துவிடுமோ என்பதைவிட, தான் அப்படிச் செய்துவிடக் கூடியவனோ என்கிற வேதனை. நெற்றியில் வண்ணம் உதிர்ந்த பொட்டுகள், கன்னத்தில் வெறுமை. அத்தனை உதிர்ந்த பிறகும் அந்த முகபாவம் மிச்சம் இருக்கிறது. இது எப்படி என்று கேட்டால், பதில் அவர் வரைந்த முறையில் இருக்கிறது. சித்திரம் அழிந்ததற்கும் அதே முறைதான் காரணம்.

சுவரில் வரைய வழக்கமான முறை ஃப்ரெஸ்கோ, அதாவது ஈரச் சுண்ணாம்புக் காரையில் வரைவது. அன்றைக்கு வரைய முடிகிற அளவுக்கு மட்டும் காரையைப் பூசி, அது காய்வதற்குள் தண்ணீரில் குழைத்த நிறமியைத் தீட்டிவிட வேண்டும். காரை காயும்போது சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகிக் கல்லாகிறது. நிறமி அந்தக் கல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வண்ணம் சுவரின் மேல் இருக்காது, சுவராகவே ஆகிவிடும். அதனால்தான் நூற்றாண்டுகள் நிற்கிறது. ஆனால் வேகம் வேண்டும். என்ன வரையப்போகிறோம் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். காய்ந்த பிறகு திருத்துவதென்றால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

லியோனார்டோவின் குணத்துக்கு இது ஒத்துவராது. அவர் வேலை செய்த விதத்தைப் பற்றி மத்தேயோ பந்தெல்லோ என்ற எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். சிறுவயதில் அந்த மடத்திலேயே இருந்து கண்ணால் பார்த்தவர். சில நாட்கள் விடியற்காலையில் சாரத்தில் ஏறினால் இருட்டும்வரை தூரிகையைக் கீழே வைக்காமல், சோறு தண்ணீர் மறந்து வரைவாராம். அப்புறம் மூன்று நான்கு நாட்கள் தூரிகையையே தொடாமல், நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் சித்திரத்தைப் பார்த்தபடி நிற்பாராம். வேறு சில நாட்களில் நடுப்பகல் வெயிலில், ஒரு பெரிய குதிரைச் சிலைக்கான களிமண் வடிவத்தைச் செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து நேராக மடத்துக்கு வந்து, ஏதாவது ஒரு உருவத்தில் ஒன்றிரண்டு தீற்றல் தீட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவாராம்.

இப்படி வரைய ஈரக்காரை விடாது. அதனால் அவர் காய்ந்த சுவரில் வரைந்தார். சுவரில் ஒரு பூச்சு, அதன்மேல் ஈய வெள்ளைப் பூச்சு, அதன்மேல் முட்டையும் எண்ணெயும் சேர்த்துக் குழைத்த வண்ணம். பலகையில் வரைவதுபோலப் படலம் படலமாக, யோசித்து, அழித்து, திரும்ப வந்து தீட்டலாம். ஒரு முகத்தின் நிழலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மென்மையாக்கலாம். பிலிப்புவின் முகம் அப்படித்தான் வந்தது. ஒரு பகல்பொழுதில் முடித்தாக வேண்டும் என்றிருந்தால் அந்த முகம் வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் இந்த வண்ணம் சுவரோடு ஒன்றாகவில்லை. சுவருக்குள் இருந்த ஈரம் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. லியோனார்டோ உயிரோடு இருக்கும்போதே, 1517-இல், சித்திரம் கெடத் தொடங்கிவிட்டது என்று ஒரு பயணி குறித்திருக்கிறார். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பார்த்த வசாரி, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர், கறைத் திட்டுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினார்.

இப்போது மொந்தோர்ஃபானோவின் சுவருக்குத் திரும்பினேன். அவர் ஈரக்காரையில், முறைப்படி வரைந்தவர். மூன்று சிலுவைகள், பின்னால் எருசலேம் நகரம், குதிரைவீரர்கள், அழும் பெண்கள், சிலுவையின் அடியைக் கட்டிக்கொண்டிருக்கும் மதலேன் மரியாள். கூட்டம் நிறைந்த சித்திரம். சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஒழுங்காகக் கற்ற ஒரு கைவினைஞரின் நல்ல வேலை. அதை அலட்சியமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில், இரண்டு ஓரங்களிலும், மண்டியிட்ட மனித வடிவங்களின் வெளிறிய தடம் தெரிகிறது. இடப்பக்கம் மிலான் கோமகன் லுதோவிக்கோ ஸ்ஃபோர்சாவும் ஒரு மகனும், வலப்பக்கம் அவர் மனைவி பெயாத்ரிச்சேயும் இன்னொரு மகனும். லியோனார்டோவின் சித்திர வேலைக்குப் பணம் கொடுத்தவர் லுதோவிக்கோதான். ‘கடைசி இராவுணவு’க்கு மேலே இருக்கும் பிறைவளைவுகளில் அந்தக் குடும்பத்தின் சின்னங்களைப் பழமாலைகளுக்கு நடுவே பார்க்கலாம். 1497 ஜூன் மாதம் அவர் தன் அதிகாரிக்கு எழுதிய குறிப்பொன்று கிடைத்திருக்கிறது. லியோனார்டோ உணவுக்கூடத்தில் தொடங்கிய வேலையை முடிக்கட்டும், பிறகு அடுத்த சுவரைக் கவனிக்கட்டும் என்கிறது அது. மொந்தோர்ஃபானோவின் சித்திரத்தில் அந்தக் குடும்ப உருவங்களைச் சேர்த்தவர் லியோனார்டோதான் என்று வசாரி எழுதியிருக்கிறார். அவையும் காய்ந்த சுவரின் மேல் தீட்டியவை. இன்று அவற்றில் முகம் என்று எதுவும் இல்லை. சுற்றிலும் மொந்தோர்ஃபானோவின் குதிரைகளும் ஈட்டிகளும் திடமாக நிற்க, நடுவில் அந்த நான்கு பேர் மட்டும் சாம்பல் நிறத்தில் கரைந்துபோயிருக்கிறார்கள். ஒரே சுவர், ஒரே ஈரம், ஒரே ஐந்நூறு ஆண்டு. எது நின்றது, எது போனது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது. அக்கா அந்த மூலையில் ரொம்ப நேரம் நின்றாள்.

அழிந்ததில் மனிதர்களின் பங்கும் உண்டு. 1652-இல் துறவிகள் சுவரில் ஒரு கதவு வைத்தார்கள். அதில் இயேசுவின் பாதங்கள் போய்விட்டன. 1726-இல் ஒருவர் மேலேயே எண்ணெய் வண்ணம் தீட்டினார். 1770-இல் மாத்சா என்பவர் அதைச் சுரண்டிவிட்டுத் தன் பங்குக்குத் தீட்டத் தொடங்கினார். எதிர்ப்பு கிளம்பி அவரை நிறுத்தியபோது மூன்று முகங்கள் மட்டுமே அவர் கையிலிருந்து தப்பியிருந்தன. 1796-இல் பிரெஞ்சுப் படை கூடத்தைக் குதிரை லாயமாக்கியது. 1821-இல் பரேத்சி என்பவர் இதை ஃப்ரெஸ்கோ என்று எண்ணிச் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப் பார்த்து, பெயர்ந்த துண்டுகளைத் திரும்ப ஒட்டிவைத்தார். 1943 ஆகஸ்டில் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் கூடத்தின் கூரையும் கிழக்குச் சுவரும் இடிந்து விழுந்தன. சித்திரங்கள் இருந்த இரண்டு சுவர்களும் நின்றன. மணல் மூட்டைகளும் மரச்சட்டங்களும் வைத்து முன்கூட்டியே பாதுகாத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் புகைப்படத்தைப் பார்த்தால், திறந்த வானத்தின் கீழே செங்கல் குவியலுக்கு அப்பால் முட்டுக்கொடுத்த அந்தச் சுவர் நிற்கிறது. அந்த மணல் மூட்டைகளை அடுக்கியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு நாம் பெரிய கடன் பட்டிருக்கிறோம்.

அப்புறம் பினின் பிராம்பில்லா பார்ச்சிலோன். இந்தப் பெண்மணி 1970-களின் கடைசியில் சித்திரத்தைச் சீரமைக்கும் வேலையைத் தொடங்கி 1999-இல் முடித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டு! லியோனார்டோ வரைய எடுத்துக்கொண்டதைப்போலப் பல மடங்கு. நுண்ணோக்கியில் பார்த்து, விரல்நுனி அளவுள்ள பரப்பாக, பிற்காலத்தவர்கள் தீட்டிய வண்ணத்தையும் பசையையும் அழுக்கையும் நீக்கிக்கொண்டே போனார். அடியில் கிடைத்தது சில இடங்களில் லியோனார்டோ, சில இடங்களில் வெறும் சுவர். வெறும் சுவராக இருந்த இடங்களை மங்கலான நீர்வண்ணத்தால் நிரப்பினார். கிட்டப் போய்ப் பார்த்தால் எது பழையது, எது நிரப்பியது என்று கண்டுபிடிக்கலாம். மேசை விரிப்பின் நீல வேலைப்பாடு, தட்டுகளின் பளபளப்பில் தெரியும் ஆடைகளின் நிறம், மீன் துண்டுகளோடு ஆரஞ்சுத் துண்டுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தன.

இந்தச் சீரமைப்பை எதிர்த்தவர்களும் உண்டு. நூற்றாண்டுகளாக மக்கள் பார்த்துப் பழகிய சித்திரத்தைச் சுரண்டிவிட்டு, எஞ்சியதில் பாதியைத் தன் நீர்வண்ணத்தால் நிரப்பிவிட்டார் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்கவில்லை. முன்பு மேலே வண்ணம் தீட்டியவர்கள் லியோனார்டோவைப்போல வரைய முயன்றார்கள். இவர் இல்லாததை இல்லை என்று காட்டினார். மத்தேயுவின் நீல ஆடைக்கு முன்னால் நின்று பாருங்கள். அந்த நீலத்தை மறைத்திருந்த அழுக்கும் பிறர் தீட்டிய வண்ணமும் அப்படியே இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

“அக்கா, நேரம் ஆயிடுச்சு” என்றேன். காவலர் கையை அசைத்து எல்லோரையும் வாசல் பக்கம் வரச்சொன்னார். அக்கா நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “இவ்வளவு உதிர்ந்தும் யூதாஸ் பின்னால சாயறான் பாரு, அது போகலை” என்றாள். வெளியே வந்ததும் கட்டடக் கலைஞர் பிரமாந்தேவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சின்ன முற்றத்தில், வெண்கலத் தவளைகள் வைத்த நீரூற்றின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம்.

மறுநாள் அம்ப்ரோசியானா காட்சிக்கூடத்துக்குப் போனோம். அங்கே ‘கடைசி இராவுணவு’க்கு ஒரு பிரதி இருக்கிறது. 1610-களில் கர்தினால் ஃபெதெரிக்கோ பொரொமேயோ, மூலம் அழிந்துகொண்டிருக்கிறதே என்ற கவலையில், வெஸ்பீனோ என்ற ஓவியரை வைத்து எடுக்கச்செய்த பிரதி. முகங்களெல்லாம் முழுதாக இருக்கின்றன. யாருடைய கை எங்கே போகிறது, பேதுருவின் கத்தி யாருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்பதெல்லாம் ஐயமில்லாமல் தெரிகிறது. அன்றைக்கே அந்தக் கர்தினாலுக்கு இப்படித் தோன்றியிருக்கிறது என்பது என்னை நெகிழவைத்தது. இங்கே டிக்கெட்டுக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

மிலான் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடிந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல்நாள் அம்ப்ரோசியானாவுக்குப் போய் அந்தப் பிரதியின் முன்னால் நின்று பன்னிரண்டு பேரையும் பெயர் சொல்லி அடையாளம் கண்டுகொள்ளுங்கள். இடக்கோடியிலிருந்து பர்த்தலமேயு, சின்ன யாக்கோபு, அந்திரேயா, யூதாஸ், பேதுரு, யோவான். இயேசுவுக்கு அந்தப் பக்கம் தோமா, பெரிய யாக்கோபு, பிலிப்பு, மத்தேயு, ததேயு, சீமோன். மறுநாள் கூடத்தில் யார் யார் என்று தேடுவதில் நேரம் போகாது. கிடைக்கிற பதினைந்து நிமிடத்தில் நான்கைந்து நிமிடத்தைத் தெற்குச் சுவருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.